பதிப்பைத் தேர்வது யார்? பள்ளிக் கணினிகளும் நிரல் நூலகங்களும்

திருவனந்தபுரம் பூஜப்புரையில் இயங்கும் கைட் நிறுவனம், 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்திலிருந்து 2017இல் உருவானது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் ஒன்றை அது கேரளப் பள்ளிகளுக்கு வழங்கிவருகிறது. பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான நிரல் நூலகம் எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பாக அமைவதால், தென்கோடிப் பாறசாலையில் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்டைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வடகோடிக் காசர்கோட்டிலும் இயக்கலாம் என்பது இம்முறையின் பெரும்பலம்.

ஆனால் இந்த ஒழுங்கு முழுவதும் இயங்குதளத்தில் இருக்கிறதேயன்றி ஸ்கிரிப்டில் இல்லை. உபுண்டு 18.04 பைத்தான் 3.6ஐயும், 22.04 பைத்தான் 3.10ஐயும் கொண்டு வந்தன. ‘கலெக்‌ஷன்ஸ்’ தொகுதியிலிருந்து ‘மேப்பிங்’ முதலிய பெயர்களை நேரடியாக எடுக்கும் பழைய வழி 3.10இல் நீக்கப்பட்டதால், அதை நம்பிய ஸ்கிரிப்ட் தன்னில் ஓரெழுத்தும் மாறாமலே புதிய கணினியில் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

இக்குறையை நீக்கும் வழி, தேவையான பதிப்பை ஸ்கிரிப்டே அறிவிப்பது. சாளரம், பொத்தான் ஆகியவற்றை வரையும் ஜி.டி.கே. நூலகத்தின் மூன்றாம் (2011), நான்காம் (2020) தலைமுறைகள் ஒரே கணினியில் அருகருகே இருக்கக்கூடும், ‘3.0 வேண்டும்’ என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதாத பைத்தான் ஸ்கிரிப்டுக்கு எச்சரிக்கையோடு புதியதே கிடைக்கும். எனினும் இவ்வரி தலைமுறையை மட்டுமே தேர்கிறது, 18.04 தந்த 3.22ஐயும் 22.04 தரும் 3.24ஐயும் அது வேறுபடுத்தாது. 2024இல் ஏற்கப்பட்ட பெப் 723 என்னும் பைத்தான் நெறி, தேவையான நூலகங்களையும் அவற்றின் பதிப்பு வரம்புகளையும் ஸ்கிரிப்டின் குறிப்புரையிலேயே எழுத இடம் தருகிறது; ஆயினும் அக்குறிப்பைப் படித்து நூலகங்களைத் தருவிக்கத் தனிக் கருவி வேண்டும், முதன்முறை இயக்கும்போது இணையமும் வேண்டும்.

ஆப்இமேஜ் போன்ற உறைகளில் நூலகங்களையும் சேர்த்தே அனுப்புவது மூன்றாம் வழி. இதில் இணையத்தின் தேவையும் பதிப்புத் தடுமாற்றமும் பெருமளவு குறைகின்றன. பராமரிப்புப் பொறுப்போ உறையைக் கட்டியவர் தலையில் விழுகிறது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இயங்குதளத்தின் பொதுப்படியைத் திருத்தியதும் மறுதொடக்கம் பெற்ற நிரல்கள் பாதுகாப்புப் பெற்றன. தனிப்படியைச் சுமந்தவையோ அவற்றைக் கட்டியவர்களின் திருத்தத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது. புதியது எப்போதும் பாதுகாப்பானது என்றும் கொள்வதற்கில்லை: 2024இல் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் நச்சு நிரல் புகுந்தபோது, பழைய பதிப்பிலேயே நின்ற டெபியன் இயங்குதளத்தின் நிலைப்பதிப்பு தப்பியது.

ஆகவே ஒத்துப்போகும் வரம்பை மட்டும் ஸ்கிரிப்ட் சொல்ல, அதற்குட்பட்ட திருத்தங்களை இயங்குதளம் கவனிப்பதே ஏற்புடையது. எழுதியவர் பள்ளியை விட்டுச் சென்றபின் உறையைப் புதுப்பிக்க எவரும் இரார். ஆனால் அவர் எழுதிவைத்த பதிப்பு வரியைப் படித்து, அடுத்த இயங்குதளத்துக்கு எதைத் திருத்த வேண்டும் என்று அங்குள்ள ஆசிரியர் அறிந்துகொள்ள முடியும்.