விண்வெளியில் வேலைநிறுத்தம்: இரு தொலைக்காட்சி அத்தியாயங்கள்

போட்டித் தொடர்களான ‘பாபிலோன் 5’, ‘டீப் ஸ்பேஸ் நைன்’ ஆகிய இரண்டும் விண்நிலைய வேலைநிறுத்தத்தைச் சித்திரித்துள்ளன. முன்னையதில் (1994) தரமற்ற கருவிகளால் கப்பற்றுறைத் தொழிலாளி ஒருவர் மடிகிறார், வேலைநிறுத்தம் வெடிக்கிறது. தீர்வோ, இராணுவ நிதியைத் திருப்பிவிடும் தளபதியின் கருணையாகவே வருகிறது. பின்னையதில் (1996) மதுச்சாலை ஊழியர் சங்கம் அமைத்துத் தாமே வெல்கின்றனர். எனினும் பெயரளவில் சங்கத்தைக் கலைக்க வேண்டியுள்ளது. போராட்டமும் பெரிதும் நகைச்சுவையாகிவிடுகிறது.

‘விபத்து’ என்ற சொல்லின் பின்னுள்ள வர்க்க உண்மையை முன்னையதே உணர்த்துகிறது. 2016இல் புளத்கொகுபிட்டியத் தோட்டமொன்றில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. மழை இயற்கையே, தொழிலாளரை மலைச்சரிவில் குடியிருத்தியது இயற்கையன்று. எனவே, முன்னையதன் வினாவையும் பின்னையதன் கூட்டுப் பலத்தையும் ஒன்றிணைக்கும் கலையையே நாம் வேண்டிநிற்கிறோம்.