ஒளிகொண்டு அளத்தலும் தமிழில் உரைத்தலும்

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவோர் பெரிதும் முடிந்த முடிபுகளையே உரைக்கின்றனர். அம்முடிபுக்கு வந்த வழியையும், வழியில் நேர்ந்த பிழைகளையும் எடுத்துரைப்போர் மிகச் சிலரே. இக்குறையைக் குறைகடத்திச் சந்தி பற்றிய ஓர் எடுத்துக்காட்டின் மூலம் நோக்கலாம்.

பதுளைத் தோட்டங்களில் மலைச்சரிவிலே கட்டப்பட்ட லயங்களைக் கண்டோர்க்கு இப்பொருள் கடினமன்று. அடுத்தடுத்த இரு காம்பராக்களுள் ஒன்று மற்றதினும் உயரமானது; அதன் தரை தாழ்ந்தும் கூரை உயர்ந்தும் உள்ளது எனக் கொள்வோம். ஒவ்வொன்றின் உயரத்தையும் உள்ளே நின்று அளந்துவிடலாம். எனினும், உயர வேறுபாட்டிற் கூரையின் பங்கு எவ்வளவு, தரையின் பங்கு எவ்வளவு என்பதை அவ்வளவுகள் கூறமாட்டா. இரு குறைகடத்திகள் கூடுமிடத்திலும் சிக்கல் இதுவே. ஆங்கு வலுவளவுப் பட்டையின் மேல்விளிம்பே தரை; கடத்தற் பட்டையின் கீழ்விளிம்பே கூரை. இவற்றிற்கு இடைப்பட்ட சக்தி இடைவெளி, கலியம் ஆசனைட்டில் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1.42 இலத்திரன்வோல்ற்று ஆகும்.

1974ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிங்கிளும் உடன் ஆய்ந்தோரும், அலுமினியம் கலந்த படைகளுக்கிடையே மிக மெல்லிய கலியம் ஆசனைட்டுப் படையை அமைத்தனர். அப்படை இலத்திரன்களை அடக்கும் குழிபோல் அமையும். எவ்வெவ் அலைநீள ஒளியை அது உறிஞ்சுகின்றது என்பதை நோக்கி, வேறுபாட்டில் ஏறத்தாழ 85 பங்கு கூரையினது, 15 பங்கு தரையினது என முடிவு செய்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அம்முடிபே பெரிதும் ஏற்கப்பட்டது. 1984இல் மில்லர், கிளைன்மன், கொசார்ட் ஆகியோர் குழியின் வடிவத்தைப் பரவளைவாக்கி, மீண்டும் ஒளிகொண்டே ஆராய்ந்தனர். விகிதம் 57க்கு 43ஐ ஒட்டியது எனக் கண்டனர். பங்கீடு மாறினும் பழைய செவ்வகக் குழியின் உறிஞ்சல் அதிகம் மாறாது. பரவளைவுக் குழியோ அம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். முன்னையோர் பிழைத்த இடம் இதுவே.

பிழைகளின் வரலாறு மாணவரைக் குழப்பும் என்பர் சிலர். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லாமையாற் கலைப்பீடம் புகுந்தவன் என்ற முறையில் இதனை நான் ஏற்கமாட்டேன். பிந்திய விகிதத்தை மட்டும் கூறும் நூல் மனனத்துக்கு உதவும். முந்திய 85 எவ்வாறு வீழ்ந்தது என்பதைக் கூறும் நூலோ, ஆய்வுகூடத்தைக் காணாத மாணவனுக்கும் ஐயுறவும் ஆராயவும் கற்பிக்கும். குறைகடத்தி, இலத்திரன், வலுவளவு முதலாய சொற்கள் நம்மிடம் உள்ளன. அச்சொற்களால் ஆராய்ச்சியின் வழியையும் எழுதுவதே இனி வேண்டப்படுவது.