கந்தரோடையில் அத்திவாரம் வெட்டுதல்

கந்தரோடையின் பழமையைப் பேசுவோர், 1917ஆம் ஆண்டளவிற் போல் பீரிஸ் ஆங்கு நிகழ்த்திய ஆய்வையும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் செய்த அகழ்வையும் எடுத்துரைப்பர். ஆய்வாளர் வந்து அகழ்ந்த ஆண்டுகள் மிகச் சில. அத்திவாரமும் கிணறும் மலசலகூடக் குழியுமோ ஆண்டுதோறும் வெட்டப்படுவன. கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகளும் உரோம நாணயங்களும் இலட்சுமி நாணயங்களும் கிடைத்த மண்ணையே இவையும் கிளறுகின்றன.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் வெளியான ஒழுங்குகள், கட்டட வேலைக்கு முன்னர்த் தொல்லியல் மதிப்பாய்வு செய்யுமாறு விதிக்கின்றன. ஆயின் அவ்விதி கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்துக்கே உரியது. (பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் சுற்றெல்லைக்கு வேறு விதி உண்டு.) கால் ஹெக்டேயர் என்பது நம் வழக்கில் ஏறக்குறையப் பத்துப் பரப்பு. மூன்று பரப்பிலும் நான்கு பரப்பிலும் வீடு எழுப்பும் ஊருக்கு இவ்வளவை யாது பயன் தரும்? புதுக் காட்டை வெட்டிப் பெருந்தோட்டம் அமைப்போனை அது தடுக்கும். ஈராயிரம் ஆண்டுக் குடியிருப்பின் நடுவே குழி வெட்டுவோனை அது காணாது. நிலத்தின் பரப்பை அளந்தனரேயன்றி அதன் செறிவை எண்ணினாரல்லர்.

இழக்கப்படுவது பானையோடு மட்டுமன்று. எந்த மண்ணடுக்கில், எதன் அருகில், எந்த ஆழத்தில் அது கிடந்தது என்னும் செய்தியே இழப்பு. ஆனைக்கோட்டையில் 1980இற் கிடைத்த முத்திரை, ஈமக்குழியில் மனித எலும்புக்கூட்டுடன் காணப்பட்டமையாலன்றோ வரலாற்றுச் சான்றாயிற்று! மண்குவியலிற் பொறுக்கப்பட்டிருப்பின் அஃது எழுத்துப் பொறித்ததொரு சிறு பொருளாகவே நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் திட்டமிடற் கொள்கைக்குப் பின்னர், பழைய கிராமத்திற் சிறு வீட்டை நீட்டுவதாயினும், அத்திவாரம் வெட்டும் வேளையில் ஆய்வாளர் உடனிருந்து குறிப்பெடுக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கும் வழக்கம் பரவியது. செலவு கட்டுவோனைச் சார்ந்தது. அம்முறையை அவ்வாறே ஈண்டுக் கொணர்தல் தகாது. கடன்பட்டு வீடு கட்டும் ஒருவர் மேல் அச்சுமையை ஏற்றினால், ஓடு கண்ட மேசன் அதை அன்றிரவே மூடிவிடுவான். தொல்பொருட் பலகை நாட்டப்பட்டாற் காணி கைவிட்டுப் போகும் என்ற அச்சம் வடபுலத்தில் வேரூன்றியது. அதற்குக் காரணமின்றி இல்லை. நிலத்துள் மறைந்துள்ள தொல்பொருள் அரசுக்குரியது என்றே சட்டமும் கூறுகின்றது.

ஆதலின் வேண்டுவது தடையன்று, பதிவே. கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபை, அத்திவாரம் வெட்டும் நாளைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி அறிவித்தல் போதும். பயிற்சி பெற்ற ஒருவர் ஒருநாள் நின்று மண்ணடுக்கை வரைந்து, படமெடுத்து, ஓடுகளின் ஆழத்தைக் குறித்துச் செல்லலாம். மறுநாள் மேசன் கல் வைக்கலாம். வேலை நிற்காது, காணியும் போகாது என்பது எழுத்தில் உறுதி செய்யப்படல் வேண்டும். செலவு பொதுப்பணத்தைச் சார்தல் வேண்டும். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் இதனை முதலிற் செய்து பார்க்கலாம்.