தோட்டத்து வரலாறும் தனித்து விடப்படும் மாணவரும்

மலேசியப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றை ஆய்வு வழியில் முதுகலையாகப் படிப்பவருக்கு வகுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தலைப்பு, ஒரு மேற்பார்வையாளர், ஒரு நூற்பட்டியல் கிடைக்கும். பிறகு தாமே படித்து, காப்பகத்தில் தாமே தேடி, எழுதியதை அவ்வப்போது கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இந்த முறை வேண்டும் என்பவன் நான். ஆனால் கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டங்களை ஆராய வரும் மாணவருக்கு இது பாதித் துணையைத்தான் தருகிறது. எழுத்தை மேற்பார்வை செய்கிறோம். வாசிப்பை அவர் பாடு என்று விட்டுவிடுகிறோம்.

முதலில் இந்த முறையின் பலம். கே. எஸ். சந்துவின் நூல் 1969இலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் 1970இலும் வந்தன. மலாயாவில் இந்தியர் குடியேற்றத்தின் முழுச் சட்டகத்தை அவை தந்துவிட்டன. மிச்சமிருப்பது தனித்தனித் தோட்டங்களின் கதை. அதை வகுப்பில் பாடமாக நடத்த முடியாது. கூ கே கிம் போன்ற பேராசிரியர்கள் வட்டார வரலாற்றுக்கு மாணவர்களைத் தூண்டியதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் அங்கேதான் தொடங்கியது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுத் துரை ஆன்றி ஃபோக்கோனியே, 1930இல் தம் மலாயா நாவலுக்குக் கோன்கூர் பரிசு பெற்றவர். துரையைப் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களைப் பற்றி அறிய, ஒருவர் ஓராண்டாவது அந்த ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குத் தனி ஆய்வைப் போல் இடம் கொடுக்கும் முறை வேறில்லை.

சிக்கல் கோப்பைத் திறந்ததும் தொடங்குகிறது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் 1875 முதல் இருக்கின்றன. ஒரு கோப்பில் தோட்ட நிர்வாகியின் கடிதம் இருக்கும். அதன்மேல் மாவட்ட அதிகாரியின் குறிப்பு, அதற்கு மேலிடத்தின் பதில், ஓரத்தில் யாரோ போட்ட சுருக்கொப்பம் என்று தொடரும். தொழிலாளியின் புகார் பெரும்பாலும் நிர்வாகி அதற்குச் சொன்ன விளக்கமாகத்தான் அதில் தெரியும். புதிய மாணவர் அந்த ஆங்கிலக் கடிதத்தை அப்படியே பிரதி எடுத்து, நடந்தது இதுதான் என்று எழுதிவிடுகிறார்.

1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தம் இதற்கு நல்ல சான்று. அதிகாரிகளின் பார்வையில் அது ஆர். எச். நாதன் என்ற கிளர்ச்சிக்காரர் மூட்டிய தீ. தொழிலாளர் கேட்டவற்றில் கூலி உயர்வோடு பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், பெண்களைத் தொல்லை செய்வதற்கு முடிவு எல்லாம் இருந்தன. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் கூடாது என்பதும் அதில் ஒன்று. அந்தச் சைக்கிள் கோரிக்கையில் நின்று யோசிக்கும் மாணவருக்குப் போராட்டத்தின் உயிர் புரியும். கூலிக் கணக்கோடு நிற்பவருக்குப் புரியாது. எங்கே நிற்க வேண்டும் என்பது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கோப்பைச் சேர்ந்து படிக்கும்போதுதான் பிடிபடும். அத்தியாயத்தைத் திருத்தித் தரும் அரைமணி நேரச் சந்திப்பில் அது வராது.

மொழிக் குறையும் இருக்கிறது. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ பத்திரிகை ஓர் அடிக்குறிப்போடு முடிந்துபோகும். தோட்டத்தில் வளர்ந்த மாணவிக்குப் பெரட்டும் (காலை வருகைக் கணக்கெடுப்பு) நெறையும் (மர வரிசை) ஒட்டுப்பாலும் (மரத்தில் உறைந்த பால்) தெரியும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே அரைநாள் விழுந்திருந்தால் அந்த வீட்டில் அன்று என்ன நடந்திருக்கும் என்று அவரால் ஊகிக்க முடியும். இந்த அறிவை மதிப்பிட எந்த ஆய்வுத்திட்டப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதே மாணவிதான் பாட்டி சொன்னதைக் கேள்வி கேட்கத் தயங்குபவரும். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் பேத்தி சொல்லும் கங்காணியும் பால்மரம் வெட்டியவரின் பேரன் சொல்லும் கங்காணியும் ஒருவரல்லர். இரண்டையும் எதிரெதிரே வைக்கச் சொல்லி நெருக்குவது மேற்பார்வையாளரின் கடமை. பாசத்தால் எழுதப்பட்ட ஆய்வேடு தோட்டத்து மக்களுக்கும் நியாயம் செய்யாது.

எனக்குப் பெரிய கவலை காலவரிசையைப் பற்றியது. முதலில் நூல்கள், பிறகு காப்பகம், கடைசியில் களம் என்பதே வழக்கம். ஆனால் களம் அதுவரை காத்திருக்காது. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை நினைவு வைத்திருக்கும் பிள்ளைகளே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். வட சிலாங்கூரின் புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடியவை. லயங்கள் என்ற தோட்ட வரிசை வீடுகளை விட்டு அவர்கள் வெளியேறும்போது பழைய சம்பளச் சீட்டும் கோயில் கணக்குநோட்டும் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஊர்ப் பெயர்களும் மாறுகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய பெயரை அறியாத மாணவர் காப்பகப் பட்டியலில் தேடித் தேடி வெறுங்கையோடு திரும்புவார்.

ஆகவே இந்தத் தலைப்புகளை எடுக்கும் மாணவரை முதல் பருவத்திலேயே களப்பணிக்கு அனுப்ப வேண்டும், ஒலிப்பதிவுப் பயிற்சியோடும் பேசுபவரின் எழுத்துச் சம்மதத்தோடும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டாம் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையே இருக்கிறது. மாதத்தில் ஒரு சந்திப்பையாவது வரைவைத் தொடாமல் ஒரு கோப்பை மட்டும் மேசையில் விரித்து நடத்தலாம். ஆய்வு முடிந்ததும் பதிவுகளின் ஒரு படி காப்பகத்துக்கும், தமிழ்ச் சுருக்கம் ஒன்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே பட்டத்துக்குப் பரிந்துரைக்கலாம்.