மடங்குதலும் மடக்குதலும்: ஒரு கலைச்சொற் குறிப்பு

'கொலாப்சிபிலிற்றி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது வெறும் அகராதிப் பிரச்சினையன்று. 'ஒருங்கே வழுக்கி வீழ்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிற் பிறந்த இச்சொல் இன்று இரு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. பயன்கருதி மடக்கத்தக்கதாயிருத்தல் ஒன்று. தாங்கமாட்டாது வீழத்தக்கதாயிருத்தல் மற்றையது.

முதற்பொருளுக்கு ஓவியரின் வர்ணக்குழாய் நல்ல உதாரணம். 1841இல் ஜோன் கொஃப் றான்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கப் பிதுக்க ஒடுங்கும் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையிற் கட்டிவைக்கப்பட்ட எண்ணெய் வர்ணம் அதன்பின் வெளியிடங்களுக்கு எளிதிற் சென்றது. மனப்பதிவுவாத ஓவியம் திறந்தவெளியில் வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். (கலை வரலாற்றைக் கலைஞனின் அகவுலகில் மாத்திரம் தேடுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.) இங்கு ஒடுங்குவது எது, ஒடுக்குபவர் யார் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் இரண்டாம் பொருளிலேயே எழுகின்றது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவுக்கு அருகே சாவாரில் றாணா பிளாசா என்ற எட்டுமாடிக் கட்டடம் வீழ்ந்து 1,134 பேர் மாண்டனர். கட்டடம் 'சரிந்தது' என்பதே வழக்கு. ஆனால் அதன் மேல்மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. முதல்நாளே வெடிப்புகள் தென்பட்டன. கீழிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர் மாத்திரம் மறுநாள் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். இவையனைத்தும் ஒரு தன்வினையுள் மறைகின்றன. 'தன்மை' என்ற ஈற்றையும் சேர்த்துவிட்டாலோ, குற்றம் கொங்கிறீற்றின் இயல்பாகிவிடும்.

ஆங்கிலத்தில் ஒரே வினைவடிவம் தன்வினைக்கும் பிறவினைக்கும் நிற்கும். தமிழோ மடங்கு, மடக்கு எனவும் ஒடுங்கு, ஒடுக்கு எனவும் வேறுபடுத்தி, செய்தவரைச் சொல்லுமாறு எம்மைக் கேட்கின்றது. மண்பொறியியலின் நிலை வேறு. காற்றுப்படிவு மண் சில, உலர்ந்திருக்கையிற் சுமையைத் தாங்கி, நீர் ஊறியதும் திடீரென அமுங்கும். அங்கு இச்சொல் அளந்தறியத்தக்க ஓர் இயல்பையே குறிக்கின்றது.

எமது அணியும் இக்குறையிலிருந்து விடுபட்டதன்று. முதலாளித்துவத்தின் வீழ்ச்சி பற்றி றோசா லக்சம்பேர்க் 1913இலும் ஹென்றிக் குறொஸ்மன் 1929இலும் எழுதிய நூல்கள், அது தானாகவே வீழுமென்று கூறுவனவாகப் பலராற் படிக்கப்பட்டன. வர்க்கப் போராட்டமின்றி அது நிகழாது என்பதே குறொஸ்மனின் நிலைப்பாடு. ஆயினும் எம் முற்போக்கு விமர்சனத்தில் 'நிலமானிய அமைப்புச் சரிந்தது', 'கூட்டுக்குடும்பம் சிதைந்தது' என்றே நாம் எழுதிப் பழகிவிட்டோம். நாவலொன்றிற் குடும்பம் சிதைந்ததெனக் கூறும் விமர்சகர், அக்குடும்பத்தின் காணியை ஈடு பிடித்தவர் யார், அது எவ்விலைக்குக் கைமாறிற்று என்பவற்றையும் அந்நாவலிலிருந்தே எடுத்துக்காட்டல் வேண்டும்.

கலைச்சொல்லைப் பொறுத்தமட்டில், கருவிகளுக்கு 'மடக்குதகவு' என்பதையும் மண்ணுக்கு 'அமுங்குதகவு' என்பதையும் முன்மொழிகின்றோம். பிந்தியதைக் கட்டடங்களுக்கும் நீட்டுவது எமக்கு உடன்பாடன்று.