தாளில் எழும் கடை

ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்கு ஜனங்கள் திரளும் அந்தியூரில், பவானி ஜமக்காளம் விற்கும் சிறு கடைக்காரர் ஒருவர் தமக்கென ஓர் இணையதளம் அமைக்க உத்தேசித்து, கணினியைத் தொடுமுன்னர், எந்தப் பக்கத்தில் எது இடம்பெற வேண்டுமென்று நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுத் திட்டமிடும் பூர்வாங்க வேலை, தறியில் அமருமுன் பாவு ஓடும் நெசவாளியின் நிதானத்துக்கு ஒப்பானதென்பது என் அபிப்பிராயம். நீளம், அகலம், நிறம், விலை என்று கல்லாவில் அமர்ந்து நாள்தோறும் வாய்மொழியாகச் சொல்லிவந்த விஷயங்களையே, முகம் காணாத ஒருவர் கேட்கக்கூடிய வரிசையில் எழுதிப் பார்க்கையில்தான், தம் வியாபாரத்தின் ஸ்வரூபம் அவருக்கே புலப்படுகிறது. எத்தனை அழகான வேலை! அவர் விற்கும் ஜமக்காளமோ 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அச்செய்தியும், நெய்த கைகளின் புகைப்படமும் முதற்பக்கத்திலேயே இடம்பெறுதல் அவசியம்.