கதவு தட்டப்படும்போது

குளோயி ஜாவோவின் 'நோமேட்லேண்ட்' படத்தில் சீக்கிரமே முடிந்துவிடும் ஒரு காட்சி உண்டு. ராத்திரி. ஃபெர்ன் தன் வேனுக்குள் இருக்கிறாள். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இங்கே ராத்திரி வண்டி நிறுத்தக் கூடாது, தூங்கக் கூடாது என்கிறது ஒரு குரல். திடுக்கிட்டவள், கிளம்பிவிடுகிறேன் என்கிறாள். அவ்வளவுதான். படம் அடுத்த ஊருக்கு, அடுத்த வானத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் படத்தின்மேல் எனக்குள்ள பிரியம், பிணக்கு இரண்டையும் இந்தக் காட்சியை வைத்தே சொல்லிவிடலாம்.

பிரியத்தை முதலில் சொல்கிறேன். ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய புத்தகத்திலிருந்து உருவான படம் இது. நெவாடாவின் எம்பயர் என்ற ஊரில் ஜிப்சம் ஆலையை 2011இல் மூடினார்கள், ஊரே காலியாகி அஞ்சல் குறியீட்டு எண்கூட இல்லாமல் போனது. அங்கிருந்து வேனில் கிளம்புகிற விதவையாக பிரான்சஸ் மெக்டார்மண்ட். லிண்டா மே, ஸ்வாங்கி, பாப் வெல்ஸ் என நிஜமாகவே வண்டியில் வாழ்ந்தவர்கள் தாங்களாகவே வருகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நடிகை தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை. இழப்பைக் கண்ணீராக ஊற்றாமல், ஒரு தட்டு உடைவதில் காட்டத் தெரிந்த படம். வெனிஸில் தங்கச் சிங்கம், 2021இல் ஆஸ்கர் எல்லாம் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிணக்கு வேற இடத்தில். நகரத்தில் வண்டிக்குள் வாழ்கிறவர்களுக்கு முதல் பாடம், கண்ணில் படாமல் இருப்பது. இருட்டிய பிறகு வந்து நிறுத்து, விடிவதற்குள் கிளம்பு. ஒரே தெருவில் அடுத்தடுத்த ராத்திரி நிற்காதே. கண்ணாடிக்குக் கறுப்புத் துணி. நிறுத்தியபின் இறங்காதே, விளக்குப் போடாதே. வெள்ளை வேன் உத்தமம், பிளம்பர் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய திறமை, திறமை இருந்தால் சுதந்திரம் கிடைக்கும் என்பது அந்த உலகத்தின் நம்பிக்கை. படமும் கிட்டத்தட்ட அதை நம்புகிறது.

புரூடர் அப்படி முழுசாக நம்பவில்லை. இந்த நாடோடிகளில் பெரும்பாலோர் ஏன் வெள்ளையர்கள் என்று புத்தகத்தில் கேட்கிறார். அதே வேனில் ஒரு கறுப்பினத்தவர் படுத்திருந்தால், தட்டுகிற போலீஸ்காரரின் கை வேறு மாதிரி இருக்கும். படம் அந்தக் கேள்வியை வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. கண்ணில் படாமல் இருப்பது ஒளிகிறவனின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. பார்க்கிறவன் கொடுக்கும் சலுகையும்கூட. இதை எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். வண்டிக்குள் வாழ்வது இந்தப் பக்கத்துக்குப் புதுசில்லை. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கைப் பலகை இருக்கும். மாசத்தில் பாதி நாள் அதுதான் வீடு. லோடு கிடைக்கும்வரை செவ்வாய்ப்பேட்டை லாரி மார்க்கெட் பக்கம் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுப்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போட வடநாட்டுக்குப் போனால் ஆட்கள் மாசக்கணக்கில் வண்டியோடுதான். இவர்களில் யாரும் கறுப்புத் துணி கட்டி ஒளிவதில்லை. தேவையில்லை. வண்டியைப் பார்க்கிறோம், சரக்கைப் பார்க்கிறோம், உள்ளே படுத்திருக்கும் ஆளை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பலகையை வீடு என்று எண்ணிப் பார்க்காதவரைக்கும் அவரை விட்டுவிடுவோம்.

அதே ஆள் வேலையில்லாமல் படுத்தால்? ரவுண்டானாவுக்குப் பின்னால் ஒரு தெருவில் குட்டியானையில் பழம் விற்கும் ஒருவரைக் கொஞ்ச நாள் பார்த்தேன். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ராத்திரி வண்டியிலேயே, காலிக் கிரேடுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் அவரிடம் பேரம் பேசிப் பப்பாளி வாங்கிய தெருதான், ராத்திரி அங்கே நிற்கக் கூடாது என்று சொன்னது. "ஏங்கண்ணா, இத்தனை நாளா பாக்கற ஆளுங்கதானே?" என்று கேட்டேன். "பகல்ல பாத்தா பழக்காரன் தம்பி. ராத்திரி பாத்தா யாரோ ஒருத்தன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பழ விலை சொல்வதுபோலத்தான் சொன்னார். அப்புறம் அந்தத் தெருவில் அவரைக் காணவில்லை.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நம் ஊரில் ஒளிவதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகலாம். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் தன் இருப்பை மறைத்துக்கொள்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நிர்வாக நடுவர் அவரிடம் ஓராண்டு வரை நன்னடத்தைப் பிணை கேட்கலாம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது இது 128ஆம் பிரிவாகத் தொடர்கிறது. செய்த குற்றத்துக்கு இல்லை, செய்யக்கூடும் என்பதற்கு. வெளியே தெரிகிற மாதிரி படுத்தால் தொந்தரவு, தெரியாத மாதிரி படுத்தால் சந்தேகம். வீடில்லாதவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான்?

இந்தக் கேள்விக்குள் முழுசாக இறங்கிய படம் நம்மிடமே இருக்கிறது: வெற்றிமாறனின் 'விசாரணை'. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதன் மூலம். குண்டூரில் கூலிக்குப் போன தமிழ்ப் பையன்கள் வாடகை மிச்சம் பிடிக்கப் பூங்காவில் படுக்கிறார்கள். போலீஸுக்கு ஒரு திருட்டு வழக்கை முடிக்க ஆள் வேண்டும். பூங்காவில் படுத்தவர்கள் வாகாக அமைகிறார்கள். அதுவும் 2015இல் வெனிஸில் திரையிடப்பட்ட படம்தான். ஜாவோவின் படத்தில் சட்டென்று முடிந்துபோகிற தட்டலிலிருந்துதான் வெற்றிமாறனின் கதையே தொடங்குகிறது. ஃபெர்னுக்கு 'கிளம்பிடறேன்' என்று சொல்ல வாய்ப்பிருந்தது. பாண்டிக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அது இல்லை.

'விசாரணை' வன்முறையைக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறது என்று எனக்குத் தோன்றும். பூங்காவில் அந்தப் பையன்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை எங்கே ஒளித்துவைத்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பதில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். அந்தப் பொறுமை ஜாவோவிடம் உண்டு. ஒருவரிடம் வாழ்க்கை இருக்கிறது, இன்னொருவரிடம் தட்டும் கை இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்ப் படத்துக்கோ நாவலுக்கோ நான் காத்திருக்கிறேன்.

வண்டி வாழ்க்கை இப்போது ரீல்ஸில் ஓடுகிறது. கேரளம் 2021இலேயே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவிட்டது. நல்ல வண்டி, நல்ல உடுப்பு, நல்ல மொழி இருந்தால் ஏற்காட்டு அடிவாரத்தில் நிறுத்திப் படுப்பவருக்கு அது சாகசம். அதே அடிவாரத்தில் குட்டியானையில் படுப்பவருக்கு அது விசாரணை. 'நோமேட்லேண்ட்' பார்த்துவிட்டு வேன் வாங்கும் கனவு வருகிறவர்கள் அந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பாருங்கள். உங்களை எழுப்புகிற குரல் 'சார்' என்று கூப்பிடுமா, 'டேய்' என்று கூப்பிடுமா?